எதிர்நின்றாரை அருகமர்த்திய ஏந்தல்

ஆட்சிப் பொறுப்பை ஏற்கும் ஒருவர் முதன்முதலாகச் செய்யவேண்டிய பணி தக்க துணைவரைத் தேர்ந்தெடுத்தல் ஆகும். இதன் அருமை உணர்ந்தே திருவள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்றும் 'தெரிந்து வினையாடல்' என்றும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். முன்னது ஒருவரை ஆராய்ந்து நம்புதலைக் கூறுவது. பின்னது அவ்வாறு தேர்ந்தவரை அவருக்கேற்ற பணியில் அமர்த்தி ஆளுதலைக் கூறுவது. உற்றாரைத் தழுவிக்கொள்வதைக் கூறும் 'சுற்றந்தழால்' இவ்விரண்டிற்கும் பின்னரே வருகின்றது. இவ்வைப்பு முறையில் ஒரு நுட்பம் உளது என்பது நம் கருத்து.

இவ்வதிகாரங்களைப் பட்ட வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து ஓர் ஐயம் எழுப்பினார். தம்மை எதிர்த்துப் போட்டியிட்டவரையே ஒருவர் அமைச்சராக ஆக்கிக்கொண்டால் அதனைப் பெருந்தன்மை என்பதா, தந்திரம் என்பதா என்பது அவருடைய வினா. அமெரிக்க நாட்டின் 16ஆவது குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் வாழ்வில் அதற்கு விடை உண்டு எனத் தொடங்கினோம். அதற்குள் பாடவேளை முடிந்து மணி அடித்துவிட்டது. அன்று முடிக்க இயலாத விடையை இம்மலரின் வாயிலாக நிறைவு செய்ய விழைகின்றோம்.

மரக்குடிலில் பிறந்த மகன்

லிங்கன் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் கென்டக்கி மாநிலத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு குடிலில் பிறந்தார். தந்தை தாமஸ் லிங்கன் உழவும் தச்சும் அறிந்தவர். தாய் நான்சி. 1816இல் அக்குடும்பம் இண்டியானாவின் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அங்கு 1818இல், லிங்கனுக்கு 9 வயதாகும்போது தாய் இறந்தார். மறு ஆண்டு தந்தை மணந்துகொண்ட சாரா என்னும் அம்மையார் மாற்றாந்தாய் என்னும் சொல்லுக்குப் புதுப்பொருள் தந்தவர். எழுத்தறிவில் குறைந்தவராயினும் சிறுவன் லிங்கனின் படிப்பார்வத்தைப் போற்றி வளர்த்தவர் அவரே.

பள்ளியில் அமர்ந்து லிங்கன் பயின்ற நாள்கள் அனைத்தையும் கூட்டினாலும் ஓராண்டு நிறையாது. கோடரி பிடித்த கையிலேயே நூலும் இருந்தது. 1830இல் குடும்பம் இல்லினாய் மாநிலம் சென்றது. அங்கு நியூ சேலம் என்னும் சிற்றூரில் கடை நடத்தினார். அது நொடித்துக் கடன்சுமை மிஞ்சியது. அஞ்சல் நிலையப் பொறுப்பாளராகவும் நில அளவையாளராகவும் பணியாற்றினார். அக்கடனைப் பல ஆண்டுகள் உழைத்து அடைத்தார். சட்டநூல்களைத் தாமே பயின்று 1836இல் வழக்கறிஞர் உரிமம் பெற்று, 1837இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் குடியேறினார்.

இவ்வரலாறு பலரும் அறிந்ததே. ஆயினும் இதனை ஈண்டு நினைவூட்டுதற்கு ஒரு காரணம் உண்டு. பின்னாளில் லிங்கனோடு போட்டியிட்டவர்களுள் சிலர் இத்தகைய இளமையை அறியாதவர்கள். கல்லூரிக் கல்வியும் உயர்பதவியும் உடைய அவர்கள், இம்மனிதரை நாட்டுப்புறத்து வழக்கறிஞர் என்றே எண்ணினர். அவ்வெண்ணத்தை லிங்கன் நன்கு அறிந்திருந்தார். அறிந்தே அவர்களை அழைத்தார்.

தோல்வி கற்பித்த பாடம்

லிங்கன் 1832இல் இல்லினாய் சட்டமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். 1834இல் வென்று, தொடர்ந்து நான்கு முறை அவ்வவையில் இடம்பெற்றார். 1847 முதல் 1849 வரை வாஷிங்டனில் கீழவை உறுப்பினராக இருந்தார். பின்னர் வழக்கறிஞர் தொழிலிலேயே ஊன்றினார். 1854இல் நிறைவேறிய கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் புதிய நிலப்பகுதிகளில் அடிமை முறை பரவ வழி திறந்துவிட்டது. அதுவே அவரை மீண்டும் அரசியற் களத்திற்கு இழுத்து வந்தது.

1855ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றை நாம் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும். அக்காலத்தில் மேலவை உறுப்பினரை மாநிலச் சட்டமன்றத்தினரே தேர்ந்தெடுத்தனர். இல்லினாய் மன்றத்தில் முதற்சுற்றில் லிங்கன் நாற்பதுக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்று முன்னணியில் நின்றார். அடிமை முறை பரவுவதை எதிர்த்த லைமன் டிரம்புல் என்பார்க்குக் கிடைத்தவை 5 வாக்குகளே. ஆயினும் முன்பு வேறு கட்சியினராக இருந்த அந்த ஐவரும் லிங்கனுக்கு வாக்களிக்க உடன்படவில்லை. இப்பிளவினால் அடிமை முறைக்கு இணங்கிப் போகும் தரப்பினர் வென்றுவிடும் நிலை ஏற்பட்டது. அதனைக் கண்ட லிங்கன், தம்முடைய ஆதரவாளர் அனைவரையும் டிரம்புலுக்கு வாக்களிக்கச் சொல்லித் தாம் விலகிக்கொண்டார். பத்தாம் சுற்றில் டிரம்புல் வென்றார்.

லிங்கனுக்கு இது பெரும் மனவருத்தத்தை அளித்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தம்மைத் தடுத்த ஐவரையும் அவர் பகைத்துக்கொள்ளவில்லை. அவர்களுள் ஒருவரான நார்மன் ஜட் என்பவர்தாம், ஐந்து ஆண்டுகள் கழித்துச் சிகாகோ மாநாட்டில் லிங்கனின் பெயரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழிந்தார். தோல்வியுற்ற நாளில் லிங்கன் அவர்மீது சினம் காட்டி உறவை முறித்திருப்பாரேல் அம்முன்மொழிவு நேர்ந்திராது. எதிர்நின்றாரை இழந்துவிடாத பண்பு, தலைவரான பின்னர் அவர் மேற்கொண்ட புதுவேடம் அன்று என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்று.

அதே 1855இல் மற்றோர் அவமதிப்பும் அவருக்கு நேர்ந்தது. அறுவடை எந்திரத்தின் காப்புரிமை தொடர்பான பெருவழக்கு ஒன்றில் வாதாட அவரை அமர்த்தியிருந்தனர். வழக்கு சின்சினாட்டி நகருக்கு மாற்றப்பட்டதும், எட்வின் ஸ்டான்டன் என்னும் புகழ்பெற்ற வழக்கறிஞர் அவ்வணியில் சேர்ந்தார். லிங்கனின் நெடிய உருவமும் கசங்கிய உடையும் ஸ்டான்டனுக்கு ஏளனமாகத் தோன்றின. லிங்கன் உழைத்து எழுதிக் கொணர்ந்த வாதக் குறிப்பை எவரும் பிரித்துப் பார்க்கவுமில்லை. அவரை வாதாட விடவுமில்லை. அவரோ வழக்கு முடியும் வரை நீதிமன்றத்தில் அமர்ந்து, தம்மை ஒதுக்கியவர்களின் வாதத்திறனைக் கேட்டுக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். இந்த ஸ்டான்டனை நாம் மீண்டும் சந்திப்போம்.

1858இல் ஸ்டீபன் டக்ளஸ் என்பாருடன் மேலவைப் பதவிக்கு மோதி, ஏழு ஊர்களில் நேருக்கு நேர் சொற்போர் நிகழ்த்தினார். பதவி டக்ளசுக்கே போயிற்று. எனினும் லிங்கனின் பெயர் நாடெங்கும் பரவிற்று.

சிகாகோ மாநாடு

1860ஆம் ஆண்டு மே மாதம் குடியரசுக் கட்சியின் மாநாடு சிகாகோவில் கூடியது. தலைவர் பதவிக்குரிய வேட்பாளர் நியூயார்க்கின் வில்லியம் சீவார்ட் என்பதே பலருடைய எதிர்பார்ப்பாக இருந்தது. சீவார்ட் 1801இல் பிறந்தவர். நியூயார்க் மாநில ஆளுநராக விளங்கியவர். 1849 முதல் மேலவையில் வீற்றிருந்தவர். அடிமை முறையை எதிர்த்த தலைவர்களுள் முதல்வரிசையில் நின்றவர். அவரோடு ஒகையோவின் முன்னாள் ஆளுநர் சேஸ், மிசூரியின் மூத்த வழக்கறிஞர் பேட்ஸ், பென்சில்வேனியாவின் மேலவை உறுப்பினர் காமரன் ஆகியோரும் களத்தில் இருந்தனர்.

சீவார்ட் தம் சொந்த ஊரான ஆபர்ன் நகரில் செய்திக்குக் காத்திருந்தார். வெற்றிச் செய்தி வந்ததும் முழங்குவதற்கென அங்குப் பீரங்கி ஒன்றை ஆயத்தமாக வைத்திருந்தனர். முதற்சுற்றில் சீவார்ட் 173½ வாக்குகளும் லிங்கன் 102 வாக்குகளும் பெற்றனர். தேவைப்பட்டவை 233. இரண்டாம் சுற்றில் சீவார்ட் 184½, லிங்கன் 181 என இடைவெளி சுருங்கியது. மூன்றாம் சுற்றில் லிங்கன் 231½ வாக்குகளை எட்ட, ஒகையோப் பேராளர் சிலர் தம் வாக்குகளை மாற்றி அவரை வெற்றிபெறச் செய்தனர். ஆபர்ன் நகரத்துப் பீரங்கி முழங்கவில்லை.

வாழ்நாள் முழுதும் எண்ணி உழைத்த ஒன்று கைநழுவிப்போன நிலையில் சீவார்ட் ஒதுங்கிக்கொண்டிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. சில கிழமைகள் துயருற்றிருந்தபின் எழுந்து, மேற்கு மாநிலங்கள்தோறும் சென்று லிங்கனுக்காக வாக்குக் கேட்டார். வென்றவரின் பெருமையைப் பேசும் நாம், தோற்றவரின் இப்பெருமையையும் மறத்தலாகாது. தேர்ந்தெடுக்கும் கைக்குப் பெருந்தன்மை இருப்பினும், தேர்ந்தெடுக்கப்படுபவர் அதற்குத் தகுதியுடையவராக இல்லையேல் பயன் விளையாது.

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து சென்ற மடல்கள்

1860 நவம்பர் 6ஆம் நாள் நடந்த தேர்தலில் லிங்கன் வென்றார். நால்வர் போட்டியிட்ட அத்தேர்தலில் மக்கள் வாக்குகளில் அவருக்குக் கிடைத்தவை நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது. தென்மாநிலங்கள் பலவற்றில் ஒரு வாக்கும் இல்லை. அவர் சார்ந்த கட்சியோ தோன்றி ஆறே ஆண்டுகள் ஆன கட்சி. பழைய விக் கட்சியினரும் சனநாயகக் கட்சியிலிருந்து பிரிந்து வந்தோரும் அதனுள் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தனர். டிசம்பர் 20ஆம் நாள் தென் கரோலினா நாட்டிலிருந்து பிரிந்து சென்றது. 1861 பிப்ரவரித் தொடக்கத்திற்குள் பிரிந்த மாநிலங்கள் ஏழாயின.

இந்நிலையில் அமைச்சரவையில் யாரை அமர்த்துவது? தம்மைத் தொடக்கம் முதல் ஆதரித்த இல்லினாய் நண்பர்களை அமர்த்தியிருப்பின் அவர் மனத்திற்கு அமைதி கிடைத்திருக்கும்; நாட்டிற்கு வலிமை கிடைத்திராது. லிங்கன் டிசம்பர் 8ஆம் நாள் சீவார்டுக்கு ஒரே நாளில் இரண்டு மடல்கள் எழுதினார். ஒன்று வெளியுறவு அமைச்சர் பதவியை முறைப்படி வழங்கும் மடல். மற்றொன்று தனிமடல். சீவார்ட் மறுத்துவிடுவார் என்னும் நம்பிக்கையில் ஒப்புக்காகவே இப்பதவி வழங்கப்படும் எனச் செய்தித்தாள்களில் வதந்தி உலவிற்று. அது பொய் என்றும், சிகாகோவில் தாம் தேர்வுபெற்ற நாள்முதல் இதுவே தம் உள்ளக்கருத்து என்றும் அத்தனிமடலில் லிங்கன் தெளிவுபடுத்தினார்.

இவ்விரண்டாம் மடலில்தான் லிங்கனின் உள்ளத்தை நாம் காண்கின்றோம். தோற்றவருக்குப் பதவி அளிப்பது எளிது. அதனைப் பெறுவோர் இரவலராக உணராவண்ணம் அளிப்பது அரிது. மதிப்பிழந்து வருபவர் உடலால் அருகிலிருந்து உள்ளத்தால் தொலைவில் நிற்பார் என்பதை லிங்கன் அறிந்திருந்தார்.

சீவார்டின் ஏற்பு மடல் டிசம்பர் 28ஆம் நாளிட்டது. சேஸ் நிதியமைச்சரானார், பேட்ஸ் அரசின் தலைமை வழக்கறிஞரானார், காமரன் போர்த்துறையைப் பெற்றார். சிகாகோவில் எதிர்நின்ற நால்வரும் ஒரே அவையில் அமர்ந்தனர். அமைச்சர் எழுவருள் மூவர் விக் கட்சியிலிருந்தும் நால்வர் சனநாயகக் கட்சியிலிருந்தும் வந்தவர்கள். லிங்கனும் முன்னாளில் விக் கட்சியினரே ஆதலின் அவையில் இரு தரப்பும் சமனாயின.

பதவியேற்புரையை எழுதிய லிங்கன் அதனைச் சீவார்டிடம் காட்டினார். உரையின் முடிவு கடுமையாக உள்ளது எனச் சீவார்ட் கருதினார். தென்மாநில மக்களின் உள்ளத்தைத் தொடும் வகையில் ஒரு முடிவுரையை எழுதித் தந்தார். லிங்கன் அக்கருத்தை ஏற்று, தம் நடையில் மாற்றி எழுதிக்கொண்டார். அவ்வுரையின் மிகச்சிறந்த பகுதி என இன்றளவும் போற்றப்படுவது போட்டியாளர் இருவரின் கைகளும் கூடி உருவாக்கிய அப்பகுதியே.

ஏப்ரல் முதல் நாள்

இதுவரை கூறியவற்றை மட்டும் கொண்டு முடித்துவிடின் இஃது ஒரு நீதிக்கதை போல் ஆகிவிடும். உண்மை வரலாறு அவ்வளவு இனியது அன்று.

பதவியேற்புக்கு இரண்டு நாள் முன்னர், சேசுடன் ஒரே அவையில் இருக்க இயலாது எனக் கருதிய சீவார்ட் விலகல் மடல் அனுப்பினார். லிங்கன் சேசை நீக்கவுமில்லை, சீவார்டை விடவுமில்லை. மறுபடி எண்ணிப் பார்க்குமாறு பதவியேற்பு நாளன்று அவருக்கு எழுதினார். சீவார்ட் இணங்கினார்.

பின்னர் ஒரு மாதம் சென்றது. ஏப்ரல் 1ஆம் நாள் சீவார்ட் ஓர் அறிக்கையை லிங்கனிடம் அளித்தார். அரசுக்குத் தெளிவான கொள்கை இல்லை என்றும், ஸ்பெயின், பிரான்சு ஆகிய நாடுகளிடம் விளக்கம் கோரித் தக்க விடை வாராவிடின் போர் அறிவிக்க வேண்டும் என்றும், கொள்கையை நடத்தும் பொறுப்பைத் தலைவரோ அமைச்சர் ஒருவரோ முழுமையாக மேற்கொள்ள வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. அவ்வமைச்சர் யார் என்பது சொல்லாமலே விளங்கும். நாட்டுப்புறத்து வழக்கறிஞரைப் பெயருக்குத் தலைவராக வைத்துக்கொண்டு, ஆட்சியைத் தாமே நடத்தலாம் எனச் சீவார்ட் கருதினார்.

இத்தகைய மடலைப் பெற்ற தலைவர் வேறு எவராயினும் எழுதியவரைப் பதவியிலிருந்து நீக்கியிருப்பார். அல்லது அம்மடலை வெளியிட்டு அவரைத் தலைகுனியச் செய்திருப்பார். லிங்கன் இரண்டையும் செய்யவில்லை. செய்யவேண்டியது எதுவாயினும் அதனைச் செய்யவேண்டியவர் தாமே என்பதை அமைதியாக, உறுதியாக உணர்த்தினார். அம்மடலைப் பெட்டியில் இட்டு மூடினார். இருவரும் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே உலகம் அதனை அறிந்தது.

இஃது ஏற்படுத்திய மாற்றம் பெரிது. ஏப்ரல் 12ஆம் நாள் சம்டர் கோட்டைத் தாக்குதலோடு உள்நாட்டுப் போர் மூண்டது. அதன்பின் சீவார்ட் லிங்கனின் திறமையை உணர்ந்து அவரோடு ஒன்றிப்போனார். அவ்வாண்டு நவம்பரில், தென்மாநிலத் தூதர் இருவரை ஆங்கிலேயரின் டிரென்ட் என்னும் கப்பலிலிருந்து அமெரிக்கக் கடற்படையினர் பிடித்துச் சென்றதனால் இங்கிலாந்துடன் போர் மூளும் நிலை தோன்றியது. டிசம்பர் இறுதியில், அத்தூதர்களை விடுவிப்பதே தக்கது என அமைச்சரவைக்கு எடுத்துரைத்து, அப்போரைத் தவிர்த்தவர் சீவார்டே ஆவார். ஏப்ரலில் அயல்நாட்டுப் போரை நாடியவர் டிசம்பரில் அயல்நாட்டுப் போரைத் தடுத்தார்.

1862 சூலை 22ஆம் நாள் அடிமை விடுதலை அறிக்கையின் வரைவை லிங்கன் அமைச்சரவையில் படித்தார். தோல்விகள் தொடரும் வேளையில் வெளியிட்டால் அது கையறு நிலையின் ஓலமாகத் தோன்றும். வெற்றி ஒன்று கிட்டும்வரை பொறுத்தல் நன்று எனச் சீவார்ட் கருத்துரைத்தார். லிங்கன் அதனை ஏற்றுக் காத்திருந்தார். செப்டம்பர் 17ஆம் நாள் ஆன்டியட்டம் போரில் வடபுலப் படை எதிரியைப் பின்வாங்கச் செய்தது. ஐந்து நாள் கழித்து முதல் அறிக்கை வெளிவந்தது; 1863 சனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

மேலவையினரின் சீற்றம்

1862 டிசம்பரில் மற்றொரு சோதனை எழுந்தது. பிரெடரிக்ஸ்பர்க் போரில் வடபுலம் படுதோல்வி அடைந்தது. தலைவரைச் சீவார்ட் தவறாக வழிநடத்துகிறார் எனக் குடியரசுக் கட்சியின் மேலவை உறுப்பினர்கள் சீறியெழுந்தனர். அவர்களுக்கு அவ்வெண்ணத்தை ஊட்டி வந்தவர் நிதியமைச்சர் சேஸ். செய்தியறிந்த சீவார்ட், தலைவருக்கு இடையூறாக இருத்தல் கூடாதெனத் தம் விலகல் மடலை அனுப்பிவிட்டார்.

லிங்கன் மேலவையின் குழுவினரை அழைத்து அவர்கள் குறைகளைப் பொறுமையுடன் கேட்டார். மறுநாள் இரவு அவர்களை மீண்டும் வரச்செய்து, சீவார்ட் நீங்கலாக ஏனைய அமைச்சர்களையும் அதே அறையில் அமர்த்தினார். அமைச்சரவை கூடிக் கலந்து முடிவெடுப்பது உண்மையா என்னும் வினா எல்லார் முன்னிலையிலும் எழுந்தபோது சேஸ் இக்கட்டில் சிக்கினார். உடன் அமர்ந்திருக்கும் அமைச்சர்களின் எதிரில், தாம் மறைவில் கூறியவற்றை அவரால் கூற இயலவில்லை. மறுநாள் அவரும் விலகல் மடலுடன் வந்தார். லிங்கன் அதனை ஆவலுடன் வாங்கிக்கொண்டார். இருவர் மடல்களும் கைக்கு வந்தபின், இருவரையுமே போகவிடாமல் பணியைத் தொடரச் செய்தார். ஒரு தரப்பை மட்டும் இழந்திருப்பின் ஆட்சி ஒருபக்கம் சாய்ந்திருக்கும்.

பெருந்தன்மையுடையோர் விவரமற்றவர்கள் என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்வாராக.

பிழையும் திருத்தமும்

லிங்கனின் தேர்வுகள் யாவும் சரியானவை என்று நாம் வாதிடப் போவதில்லை. காமரனின் தேர்வு பிழையாயிற்று. சிகாகோவில் லிங்கனின் ஆதரவாளர்கள் அவர் தரப்பினர்க்கு அளித்த நம்பிக்கையே அவரது நியமனத்திற்குப் பெரிதும் காரணம். போர்த்துறைக் கொள்முதலில் முறைகேடுகள் மலிந்தன. 1862 சனவரியில் அவரை ருசிய நாட்டுக்குத் தூதராக அனுப்பி, லிங்கன் அத்துறையை வேறொருவரிடம் ஒப்படைத்தார். பின்னர்க் கீழவை காமரனைக் கண்டித்தபோது, அப்பழியில் தமக்கும் பங்குண்டு என எழுத்து மூலம் ஏற்றுக்கொண்டார்.

காமரனின் இடத்தில் அமர்ந்தவர் யார் என நினைக்கின்றீர்கள்? சின்சினாட்டியில் லிங்கனை ஒதுக்கித் தள்ளிய அதே எட்வின் ஸ்டான்டன்! அவர் சனநாயகக் கட்சியினர். லிங்கனுக்கு முன்பிருந்த புக்கானன் ஆட்சியில் தலைமை வழக்கறிஞராக இருந்தவர். லிங்கனைப் பற்றிப் பிறரிடம் இழிவாகப் பேசியவர். ஆயினும் அயராத உழைப்பும் கறைபடாத கையும் உடையவர். போர்த்துறைக்கு அன்று தேவைப்பட்டவை அவ்விரண்டுமே. ஏழாண்டுகளுக்கு முன் தமக்கு நேர்ந்த அவமதிப்பை அத்தேவைக்குக் குறுக்கே நிற்க லிங்கன் விடவில்லை.

சேஸோ கடைசிவரை மனம் மாறவில்லை. போருக்கு வேண்டிய பெரும்பொருளைத் திரட்டியதில் அவர் திறமை ஒப்பற்றது. ஆயின் 1864 தேர்தலில் லிங்கனுக்குப் பதிலாகத் தாமே வேட்பாளராக முயன்றார். அவ்வப்போது விலகல் மடல் தருவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். 1864 சூன் இறுதியில் அவர் மீண்டும் அதனைத் தந்தபோது, லிங்கன் ஏற்றுக்கொண்டுவிட்டார். பொறுமைக்கும் எல்லை உண்டு என்பது இதனால் விளங்கும். ஆயினும் அக்டோபரில் தலைமை நீதிபதி டானி மறைய, டிசம்பரில் அவ்வுயர் பதவிக்கு லிங்கன் தேர்ந்தெடுத்தது சேசையே. அடிமை விடுதலையைக் காக்கும் உறுதி அவரிடம் உண்டு என்பதே அதற்குக் காரணமாயிற்று. அமைச்சராக வைத்துக்கொள்ள இயலாதவரை நீதிபதியாக உயர்த்தியது, வள்ளுவர் கூறும் வினையாடலின் நுட்பம் அறிந்த செயல் எனலாம்.

இறுதிச் சந்திப்பு

1864 நவம்பரில் லிங்கன் மீண்டும் தலைவராகத் தேர்வுபெற்றார். அடிமை முறையை அடியோடு ஒழிக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 1865 சனவரி 31ஆம் நாள் கீழவையில் நிறைவேறியது. அதற்கு வாக்குத் திரட்டியதில் சீவார்டின் பங்கு பெரிது.

ஏப்ரல் 5ஆம் நாள் குதிரைவண்டி விபத்தில் சிக்கிச் சீவார்ட் தாடை முறிந்து படுக்கையில் வீழ்ந்தார். தென்புலத் தலைநகரான ரிச்மண்டுக்குச் சென்றிருந்த லிங்கன், ஏப்ரல் 9ஆம் நாள் வாஷிங்டன் திரும்பியதும் அவரைக் காணச் சென்றார். பேச இயலாது கிடந்த நண்பருக்கருகே, அதே கட்டிலில் தம் நெடிய உடலைக் கிடத்தி, முகத்தோடு முகம் நெருங்க, தாம் கண்டுவந்தவற்றைத் தாழ்ந்த குரலில் கூறிக்கொண்டிருந்தார். ஐந்தாண்டுகளுக்கு முன் ஒரே பதவிக்குப் போட்டியிட்ட இருவர் அவர்கள். அவர்தம் இறுதிச் சந்திப்பு அதுவே.

ஏப்ரல் 14ஆம் நாள் இரவு நாடக அரங்கில் லிங்கன் சுடப்பட்டார். அதே வேளையில், அச்சதிகாரருள் மற்றொருவன் சீவார்டின் இல்லத்துள் புகுந்து, படுக்கையிற் கிடந்தவரைக் கத்தியால் குத்தினான். லிங்கன் மறுநாள் காலை உயிர் நீத்தார். சீவார்ட் பிழைத்தார். லிங்கனின் இறுதி இரவில் அருகிருந்து, கலங்கிய அரசைச் சிதறாமல் காத்தவர் ஸ்டான்டன். 1865 டிசம்பர் 18ஆம் நாள், அடிமை ஒழிப்புத் திருத்தம் மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்றுவிட்டது எனச் சான்றளித்துக் கையொப்பமிட்டவர் வெளியுறவு அமைச்சர் சீவார்ட். லிங்கன் முடிக்க விரும்பிய பணி, லிங்கன் தேர்ந்தெடுத்த போட்டியாளரின் கையாலேயே முடிவுற்றது. சீவார்ட் 1867இல் அலாஸ்காவை ருசியரிடமிருந்து 72 இலட்சம் டாலருக்கு வாங்கித் தந்தார், ஓய்வுக்குப்பின் உலகைச் சுற்றி நம் இந்தியத் திருநாட்டையும் கண்டு சென்றார், 1872இல் மறைந்தார்.

மாணவரின் வினாவுக்கு விடை

2008இல் தலைவராகத் தேர்வுபெற்ற பராக் ஒபாமா, கட்சிக்குள் தம்மோடு கடுமையாகப் போட்டியிட்ட ஹிலாரி கிளின்டனை வெளியுறவு அமைச்சராகத் தேர்ந்தபோது, உலகம் லிங்கனையும் சீவார்டையும் நினைவுகூர்ந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரும் எடுத்துக்காட்டாக நிற்கும் செயல் அது.

பெருந்தன்மையா, தந்திரமா என்னும் வினாவுக்கு இனி விடை கூறலாம். லிங்கனுக்குச் சீவார்டின் துணை தேவைப்பட்டது உண்மை. கட்சியை ஒன்றாகக் கட்டவேண்டியிருந்ததும் உண்மை. ஆகவே அரசியல் கணக்கு அதில் இல்லை என்று கூறுவதற்கில்லை. ஆயினும் கணக்கு மட்டுமே இருந்திருப்பின் அது பதவியளித்த நாளோடு முடிந்திருக்கும். ஏப்ரல் முதல் நாள் மடல் கையில் கிடைத்தபோது, கணக்குப் பார்ப்பவர் அதனை ஆயுதமாக்கியிருப்பார். லிங்கன் அதனை மறைத்துவைத்தார். தந்திரம் ஒருவரைப் பயன்படுத்திக்கொள்ளும். பெருந்தன்மை அவரை வளரவிடும். சீவார்ட் லிங்கனிடத்தில் வளர்ந்தார் என்பதே நம் விடை.

தேர்தல் என்பது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மாணவர் பேரவைக்கும் தேர்தல் உண்டு. ஊர்ச் சங்கத்திற்கும் நிருவாகக் குழுவிற்கும் உண்டு. வாக்கு எண்ணி முடித்த மாலையில் வென்றவர் ஒரு புறமும் தோற்றவர் ஒரு புறமுமாகப் பிரிந்து, பின்னர் ஆண்டுக்கணக்கில் முகம்பாராது செல்வதை நாம் எத்தனையோ இடங்களில் கண்டு வருந்தியிருக்கின்றோம். தோற்றவரோடு அவருடைய திறமையும் உழைப்பும் வெளியேறிவிடுகின்றன. இழப்பு தனியொருவருக்கு அன்று, நிறுவனத்துக்கே.

ஆதலின் மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் ஏதேனும் ஒரு பொறுப்பில் வென்று அமரும்போது, உங்களை எதிர்த்து நின்றவரின் வீட்டுக்கு முதல் நாளே செல்லுங்கள். அவருக்குரிய பணியை அவர் மதிப்புக் குன்றாவண்ணம் அளியுங்கள். ஒருவேளை நீங்கள் தோற்றவராயின், அழைப்பு வரும்போது அதனை ஏற்கும் உள்ளத்தை ஆயத்தமாக வைத்திருங்கள். லிங்கனைப் போற்றும் நாம் சீவார்டையும் உடன் வைத்துப் போற்றுவோமாக.